அமேசான் பலகை மாட்டிய சாம்பக்கெண்டை

கதை முடிவில் ஒரு கேள்வி வரும்; விடை சொல்ல அவசரப்படாதீர்கள். இந்தக் கதையில் வருகிறவளே விடை சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனவள்தான்.

கடற்கரை ஊர் ஒன்றின் மீன் காட்சியகத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் ஜெசிந்தா. வருகிற கூட்டம் தங்கமீன் முன்னால் படம் எடுக்கும்; மற்ற மீன்களைக் காட்டி, வறுத்தால் நன்றாயிருக்குமா என்று கேட்கும். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது. ‘கெண்டை’ என்று மட்டும் பலகை மாட்டிய கடைசித் தொட்டியைப் பற்றி அதைக்கூட யாரும் கேட்டதில்லை. அதில் கிடந்தவை சாம்பக்கெண்டைகள். வெள்ளாம்பல் ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன். ஏரியையோ தூர்த்து, கரையிலிருந்த ஊரையும் காலி செய்து, பேருந்து நிலையம் கட்டியாகிவிட்டது.

அங்கே ஒரு வழக்கம். ஆள் நிற்காத தொட்டியைக் காலி செய்து, அதிலிருக்கும் மீனைப் பெரிய வெளிநாட்டு மீனுக்கு இரையாகப் போட்டுவிடுவார்கள். கெண்டைகளின் முறை வந்துவிட்டதென்று மேலாளர் தனபாலன் சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு அருங்காட்சியக அலுவலர் சிவகாமி வந்தார்.

“இரையாப் போறதுக்குப் பதிலா எங்கிட்டக் குடுத்துரும்மா. பதப்படுத்தி ஜாடியில போட்டு, சரியான பேரும் ஏரி பேரும் எழுதி வெச்சிடறேன். பேராவது மிஞ்சும்.”

ஜெசிந்தா கொடுக்க மறுத்துவிட்டாள். மறுநாள் பலகையைக் கழற்றிவிட்டு, ‘அமேசான் ஆற்று அபூர்வ மீன்’ என்று எழுதி மாட்டினாள். அவ்வளவுதான், கூட்டம் மொய்த்தது. தனபாலன் கூட்டத்தைப் பார்த்தாரே தவிர மீனைப் பார்க்கவில்லை. கெண்டைகள் பிழைத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தில் நின்ற பெண் ஒருத்தி கண்ணாடியில் கை வைத்து அழுதாள்.

“இது எங்க ஏரிச் சாம்பக்கெண்டை. எங்க ஊரே இல்லாமப் போச்சு, இது மட்டும் எப்படி இங்க?”

பின்னால் நின்றவர்கள் முன்னால் நகர்ந்து, எந்த ஏரி, எந்த ஊர் என்று அவளிடம் கேட்டார்கள். குட்டு உடைந்ததென்று ஜெசிந்தா பயந்தாள். முந்திக்கொண்டு சொன்னாள்: “இல்லக்கா, இது அமேசான் மீன்தான்.”

அந்தப் பெண் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொந்தப் பெயரோடு ஜாடியில் செத்துக் கிடக்கட்டும் என்றார் சிவகாமி. பொய்ப் பெயரோடாவது தொட்டியில் நீந்தட்டும் என்றாள் ஜெசிந்தா. இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: இருவர் பக்கமும் இல்லை. அந்தப் பெண் உண்மையைச் சொன்னபோது கூட்டம் கலையவில்லை, கிட்ட வந்தது. அந்த மீனின் கதையைச் சொன்னால் யாரும் நிற்கமாட்டார்கள் என்று, ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காமலே இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஜெசிந்தாவுக்கு இது உறைத்தது. சாம்பக்கெண்டை, வெள்ளாம்பல் ஏரி என்று புதிதாக எழுதி மாட்டினாள். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. எங்கே போய்த் தேடுவது? அவளுக்குத்தான் ஊரே இல்லையே.