தளவாயின் விருந்து மண்டபம்

மழை ஓயாத குறுமலை நாட்டில் வீடு என்றால் மரச்சட்ட வீடுதான். தூணில் துளை போட்டு, உத்திரத்தின் முனையைச் செதுக்கி அதில் செருகி, மர முளை அடித்து இறுக்குவார்கள். இரும்பாணியே கிடையாது. முளையைத் தட்டி எடுத்தால் வீடு துண்டு துண்டாகக் கழன்று வந்துவிடும்.

அரசவை விகடர் பூதலிங்கத்துக்கு அப்படியொரு வீடு இருந்தது. மனை, காலமான பழைய அரசர் வாய்மொழியாகக் கொடுத்தது. அதன்மேல் பக்கத்து வீட்டுத் தளவாய் அணைஞ்சபெருமாளுக்கு வெகுநாளாக ஒரு கண். புது அரசன் செண்பகமாறனின் காதைக் கடித்து, மனையைத் தன் பெயருக்கு வாங்கிவிட்டார்.

"மண் உமக்கு. அதன்மேல் நிற்கும் வீடு?" என்றான் அரசன்.

"வீடு விகடருடையதுதான், மகாராஜா. தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகட்டுமே!" தளவாய் சிரித்தார். "ஆனால் நாளைப் பொழுது சாய்வதற்குள் போக வேண்டும். அவர் மரம் ஒன்று இங்கே மிஞ்சினாலும் வீடு முழுவதும் எனக்கு."

"சம்மதமா, விகடரே?"

"உத்தரவு, மகாராஜா."

செய்தி கேட்டதும் விகடரின் மனைவி வாசல் தூணைத் தடவிப் பார்த்தாள். "இதைப் பிடித்துக்கொண்டுதானே நம் பெண் நடக்கப் பழகினாள்?" என்றாள். பூதலிங்கம் தச்சர் கோலப்ப ஆசாரியைக் கூப்பிடப் போனார்.

மறுநாள் தளவாய் அரசனைத் தன் விருந்து மண்டபத்தில் வேடிக்கை பார்க்க உட்காரவைத்து, வெற்றிலையும் மடித்துக் கொடுத்தார். கோலப்ப ஆசாரி கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலோடு வந்தார். நேரே விகடர் வீட்டில் மண்டபத்தை ஒட்டிய தூண் வரிசைக்குப் போய், முதல் முளையைத் தட்டினார்.

மண்டபக் கூரை முனகியது. அரசன் மடியில் பொலபொலவென்று தூசி கொட்டியது.

"நிறுத்து! நிறுத்து!" தளவாய் துள்ளி எழுந்தார்.

"என்ன தளவாயே?"

தளவாய் கூரையையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். பூதலிங்கமே சொன்னார்: "மண்டபம் கட்டும்போது இந்தப் பக்கம் தூண் போடாமல் மிச்சம் பிடித்துவிட்டார், மகாராஜா. அவர் உத்திரமெல்லாம் என் தூண்களில் செருகியிருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்தானே என்று நானும் விட்டுவிட்டேன்."

"ஐயா, இந்த நாலு தூணை மட்டும் விட்டுவிட்டுப் போமே!" என்று கெஞ்சினார் தளவாய்.

"ஐயையோ! ஒரு மரம் மிஞ்சினாலும் வீடே உங்களுக்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஆசாரி, அடியும்!"

கொட்டாப்புளி உயர்ந்தது.

"வேண்டாம்! வீடு அப்படியே நிற்கட்டும்! மனையையும் திருப்பித் தந்துவிடுகிறேன்!"

அரசன் மண்டபத்தை விட்டு வெளியே ஓடிவந்து நின்ற பிறகுதான் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உமக்கு என்ன பரிசு வேண்டும், விகடரே?" என்றான்.

"எனக்கு எதற்கு, மகாராஜா? தளவாய்க்கு நாலு தூண் கொடுங்கள். பாவம், இன்னும் எத்தனை நாள்தான் என்மேலேயே சாய்ந்துகொண்டிருப்பார்?"