காய்ந்த கொம்புகள் நட்ட மலை

மழையும் வெயிலும் சொன்ன நாளுக்கு வந்து, சொன்ன நாளுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மொட்டை மலையடியில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். மலையை மொட்டையாக்கியதே அவர்தான்.

கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுவது அவர் தொழில். முப்பது வருஷம் வெட்டினார். கடைசி மரத்தைச் சாய்த்த அன்று பேத்தி செண்பகம் கஞ்சித் தூக்கோடு வந்தாள். விழுந்து கிடந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"தாத்தா, நாளைக்கு எங்க உட்கார்ந்து குடிப்பீங்க?"

அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. அன்று சாயங்காலமே ஊரார் முன்னால் சத்தியம் பண்ணினார்.

"இந்த மலையில ஒரு உசிர் ஒதுங்குற அளவுக்கு மரநிழல் வர்ற வரைக்கும் நான் எந்த நிழல்லயும் ஒதுங்க மாட்டேன்."

பண்ணிவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது. ஊர் ஆலமரம் வந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார்; விடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். தலையில் துண்டு போட்டுப் பார்த்தார். மைத்துனர் முப்பிடாதிக்கு அது பொறுக்குமா?

"மச்சான், துண்டுக்கடியில இருக்கிறதும் நிழல்தானே?"

துண்டு இடுப்புக்கு இறங்கியது.

இரண்டு வருஷம் வரிசை பிடித்துத் தேக்கங்கன்று நட்டார். ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். இரண்டு கோடையும் வந்து அத்தனையையும் சுருட்டிக்கொண்டு போயின.

மூன்றாம் வருஷம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உலகம்மை என்று ஒருத்தி கருகின சரிவைக் காடாக்கி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனார். அவருடைய கடைசி மகளைவிடச் சின்ன வயது. குடிசை வாசலில், வெயிலில் நின்று கைகூப்பினார்.

"தாயி, என்னைச் சீடனா ஏத்துக்கோ."

"முதல்ல உள்ள வாங்க பெரியப்பா. வெயில் கொளுத்துது."

"வர முடியாது தாயி."

ஏன் என்று சொன்னார். உலகம்மை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்ப நான்தான் வெளிய வரணும்." வந்தாள். "கோடாலி இருக்கா?"

"கிணத்துல போட்டுட்டேன்."

"எடுங்க."

தன் காட்டில் பட்டுப்போய் நின்ற மரங்களைக் காட்டினாள். அவற்றில் இரண்டாள் உயரக் கொம்புகளாக, மேலே இரண்டாகப் பிரிந்து கவை விட்டதாகப் பார்த்து வெட்டச் சொன்னாள். வண்டியில் ஏற்றி வந்து மொட்டை மலையில் குழி தோண்டி நடச் சொன்னாள். மலையைச் சுற்றி முள் அடைத்து ஆடு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வேறு எதுவும் நடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது.

நடுகிற நாளுக்கு உலகம்மையும் கூடவே வந்து தங்கினாள். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

"செத்ததைப் படுக்கவச்சுப் புதைப்பாங்க," என்றார் முப்பிடாதி. "எங்க மச்சான் நிக்கவச்சுப் புதைக்கிறார்!"

ஆவுடையப்பன் அடுத்த குழியைத் தோண்டினார். ஊர் கலைந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"தாயி, இது துளிர்க்குமா?"

"துளிர்க்காது."

"பின்ன எதுக்கு நடுறோம்?"

உலகம்மை ஒரு கொம்பைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள்.

"இதை உச்சிவரைக்கும் கொண்டுபோய்ட்டு வாங்க. கால் வலிச்சா நடுவுல உட்கார்ந்துக்கங்க."

போனார். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"உட்கார ஒரு இடம் இல்லையே தாயி!"

"பழத்தைத் தின்னுட்டு இந்தப் பக்கம் பறந்து வர்ற சின்னான் குருவியும் அதையேதான் சொல்லிட்டுத் திரும்பிப் போகுது."

அன்றைக்கே மிச்சக் கொம்புகளையும் நட்டு முடித்தார். மறுநாள் விடியலில் முதல் கொம்பின் கவையில் ஒரு சின்னான் வந்து உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தது. வாலைத் தூக்கி எச்சம் போட்டது. பறந்துவிட்டது.

"இதுக்கா தாயி இத்தனை பாடு?"

"இதுக்கேதான்."

அந்த வருஷச் சாரலுக்கு ஒவ்வொரு கொம்பின் காலடியிலும் இரண்டு இலை, நான்கு இலை எனக் கன்றுகள் எட்டிப் பார்த்தன. அவர் நடாதவை. பாதிக்கு அவருக்குப் பெயரே தெரியவில்லை. அறுபது வயது மனுஷன் கொம்புக்குக் கொம்பு ஓடிப்போய் எண்ணினார், கணக்குத் தப்பி மறுபடி எண்ணினார்.

அடுத்த ஆவணியில் செண்பகத்துக்குக் கல்யாணம் கூடியது. அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"தாத்தா பந்தலுக்குள்ள வந்து அட்சதை போடணும். இல்லன்னா தாலிக்குக் குனிய மாட்டேன்."

"பேத்தியும் சத்தியம் பண்ண ஆரம்பிச்சாச்சு," என்று தலையில் கைவைத்துக்கொண்டார் முப்பிடாதி.

கல்யாணத்தன்று ஆவுடையப்பன் விடிவதற்கு முன்பே மலையேறினார். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் நின்று உயரம் பார்த்தார். இருந்ததிலேயே பெரியது முழங்காலைத் தொட்டது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. கீழே மேளம் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்கென்று புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்த உலகம்மை, பந்தலில் அவரைக் காணாமல் மேலே ஏறி வந்தாள்.

"என்ன பெரியப்பா, அங்க எல்லாரும் தேடுறாங்க."

"இதுக்கடியில நான் எப்படி ஒதுங்குவேன் தாயி? இன்னும் பத்து வருஷம் ஆகும். புள்ளை அங்க குனியாம உட்கார்ந்திருக்கு."

உலகம்மை கன்றின் அருகே குந்தினாள்.

"குனிஞ்சு பாருங்க."

அவர் கன்னம் மண்ணில் படக் குனிந்தார். இலைகளுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு நிழல் விழுந்திருந்தது. மக்கின சருகு கொஞ்சம், ஈரம் கொஞ்சம். அந்த ஈரத்தில், கட்டைவிரல் நகம் பெரிசுக்கு ஒரு தவளை. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"சுகமா ஒதுங்கியிருக்கான்," என்றாள் உலகம்மை.

"அது தவளை தாயி. நான் இல்லையே."

"ஒரு உசிர் ஒதுங்கணும்னுதானே சத்தியம் பண்ணினீங்க? அது நீங்களாத்தான் இருக்கணும்னு எப்பப் பண்ணினீங்க?"

சொல்லிவிட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு பந்தலைப் பார்த்து இறங்கினாள்.

ஆவுடையப்பன் தவளை மிரளாதபடி மெல்லத் தலையைத் தூக்கினார். இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். தலையில் போட்டுக்கொண்டார். நடந்துதான் இறங்கினார்; பாதி வழியில் ஓட ஆரம்பித்தார்.