மருந்து அடித்த மலை

ஒரு மலையின் வடக்குச் சரிவில் காட்டெருமைகள் பைன் கன்றுகளை நட்டன. ஆடிக்காற்றைத் தடுக்க மரச்சுவர் வேண்டும் என்பது அவற்றின் நெடுநாள் கோரிக்கை. கோரிக்கை வைத்ததும் அவை, பரிசீலித்ததும் அவை. ஆகவே அனுமதி உடனே கிடைத்தது.

சித்திரை மழை பெய்தது. கன்றுகள் குருத்து விட்டன. அதைவிட வேகமாகப் புல் எழுந்து கன்றுகளை மூடியது.

"களை! களை!" என்று கூட்டம் கூட்டினார் தலைவர் திமிலப்பன்.

அந்தப் புல்லுக்குள்தான் காதம்மாள் என்ற முயல் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. புல் போனால் வீடும் போச்சு, சோறும் போச்சு. எனவே முதல் ஆளாக எழுந்தது.

"தலைவரே, கன்றைச் சுற்றி ஒரு முழம் சுத்தமாக இருந்தால் போதும். நாங்களே மேய்ந்து தருகிறோம். மிச்சப் புல் மண்ணைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்!"

"மேய்வதா? இந்தக் காலத்திலா?" என்று சிரித்தது வாலாயுதம் என்ற கருங்குரங்கு. அடிவாரத்து எஸ்டேட் கொட்டகையிலிருந்து ஒரு கேனையும் கைத்தெளிப்பானையும் அது தூக்கி வந்திருந்தது. எஸ்டேட் ஆட்கள் பேசியதை மரத்திலிருந்து கேட்டே தொழில் கற்ற குரங்கு. அதிலும் பாதி நேரம் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"தலைவரே, இது மருந்து. அடித்தால் புல் பூண்டு இருக்காது. பைனை மட்டும் ஒன்றும் செய்யாது!"

"மருந்தா? யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றது காதம்மாள்.

"களைக்கொல்லி மருந்தும்மா!"

"கொல்லியா, மருந்தா? ஏதாவது ஒன்றைச் சொல்லப்பா. கேன் மேலே மண்டையோடு வேறு போட்டிருக்கே?"

"பல் தெரியச் சிரிக்குது பார். நம்மை வரவேற்கிற படம்!"

காதம்மாள் விடவில்லை. "பைன் குருத்து இப்போது பிஞ்சு. நேற்று ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், புல் மாதிரியே இருக்கு. புல்லைக் கொல்வது அதையும் கொல்லும். முற்றின பிறகு அடித்தாலாவது தாங்கும். இரண்டு மாதம் பொறுங்கள்!"

"கேட்டீர்களா? கன்றைக் கடித்ததாக அதுவே ஒப்புக்கொள்கிறது!" என்றது குரங்கு.

கூட்டம் உறுமியது. தலைவர் தொண்டையைச் செருமினார். "எது களை என்பதில் யாருக்கும் குழப்பம் வேண்டாம். ஊசி இலை இல்லாததெல்லாம் களை!"

"தலைவரே, உங்களுக்கும் ஊசி இலை இல்லையே!" என்றது காதம்மாள்.

கூட்டம் ஒரு நொடி தலைவரை ஏற இறங்கப் பார்த்தது. தலைவர் அவசரமாகக் கூட்டத்தை முடிக்கப் போனார்.

"ஒரே ஒரு வார்த்தை!" என்றது காதம்மாள். "கிழக்கு மூலையில் பன்னிரண்டு கன்று நிற்கிறது. அதை மட்டும் என்னிடம் விடுங்கள். ஒன்று பட்டுப்போனாலும் குட்டிகளோடு மலையை விட்டே இறங்கிவிடுகிறேன்."

அந்த மூலை முழுக்க முட்புதர். வாலாயுதம் தன் வாலை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "பாவம், விட்டுவிடலாம் தலைவரே!" என்றது பெருந்தன்மையோடு.

மருந்து அடித்தார்கள். ஒரு வாரத்தில் சரிவு முழுவதும் புல் கருகியது. "களை போனதும் மலைக்கே ஒரு களை வந்துவிட்டது!" என்று எல்லோரும் மெச்சினார்கள். வாலாயுதத்துக்கு 'மலை வைத்தியர்' என்று பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் பைன் குருத்துகள் வளைந்து தொங்கின. பிறகு மஞ்சளாயின.

"கன்றுகளுக்கு நோய்!" என்று அலறினார் தலைவர்.

"நோய் என்றால் மருந்துதான்!" என்றார் வைத்தியர். இரண்டாம் முறை அடித்தார். மஞ்சள் பழுப்பானது.

"நோய் முற்றியிருக்கிறது. அளவைக் கூட்டுவோம்!"

மூன்றாம் முறைக்குப் பிறகு கன்றுகளுக்கு எந்த நோயும் வர வாய்ப்பில்லாமல் போயிற்று.

கிழக்கு மூலையில் காதம்மாள் பல் கூசக் கூச மேய்ந்தது. கன்றுக்கு ஒரு முழம், அதற்கு மேல் ஒரு வாய்கூட இல்லை. தினமும் விடிந்ததும் கன்றுகளை எண்ணிப் பார்க்கும். பன்னிரண்டு வந்த பிறகுதான் குட்டிகளை வெளியே விடும்.

ஆடி வந்தது. காற்றும் வந்தது. பிடித்துவைக்க ஒரு புல்வேர் இல்லாத மண் கிளம்பி, காட்டெருமைகளின் கண்ணையும் மூக்கையும் அடைத்தது. தலைவர் ஓடினார். உயிரோடு நின்ற கன்றுகள் பன்னிரண்டுதான். முழங்கால் உயரக் கன்று ஒன்றின் பின்னால் தன் பெரிய உடம்பை ஒளித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"காதம்மா, நீ இங்கேயே இரு. யாரும் உன்னைக் கிளப்ப மாட்டார்கள். ஆனால் ஒன்று சொல், இந்த மூலைக்கு என்ன மருந்து அடித்தாய்?"

"எதையும் அடிக்கவில்லை தலைவரே. மேய்ந்தோம்."

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, பின்னால் இருமிக்கொண்டிருந்த குரங்கிடம் கேட்டார்:

"வைத்தியரே, இந்த 'மேய்ந்தோம்' என்கிற மருந்து எஸ்டேட்டில் கிடைக்குமா?"

எதை, எப்போது, எவ்வளவு என்று தெரியாதவர் கையில் கிடைத்தால், மருந்து என்று பெயர் வைத்த நஞ்சு களையோடு சேர்த்துப் பயிரையும் கொன்றுவிடும்.