ஏழாவது படி

முன்னொரு காலத்தில் ஆலங்கரைச் சீமையை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலைப் பொங்கல் ருசித்தால் கருணைக் கடல்; உப்புக் கரித்தால் வழக்கோடு வந்தவன் பாடு திண்டாட்டம். செவந்தி வந்த அன்று பார்த்து உப்புக் கரித்துத் தொலைத்தது.

அரசவைப் பிரமுகர் ஆதிமூலத்தின் மாடி வீட்டில் அவள் குடியிருந்தாள். பன்னிரண்டு குடித்தனத்துக்கும் ஒரே மரப்படிக்கட்டு. அதில் ஒரு பலகை ஆடும். பெரியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் மகள் ஆறு வயது மங்கைக்குக் கால் எட்டவில்லை; மிதித்தாள், உருண்டாள், கால் முறிந்தது.

"பலகை ஆடுதுன்னு மூணு தடவை சொன்னேன் மகாராசா. ஐயா சரி பண்ணவே இல்ல."

"என் காதில் விழவே இல்லை, பிரபு!" என்றார் ஆதிமூலம். "என் படிக்கட்டு கல்லு மாதிரி இருக்கிறது. பெற்றவள் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்கிறாள்."

சபை சிரித்தது. ராஜா மீசையை முறுக்கினார்.

"பெண்ணே, நேரிலேயே வருகிறேன். இவர் தெரிந்தே விட்டுவைத்தார் என்று நிரூபி. முடியாவிட்டால் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்."

கட்டுப் போட்ட காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செவந்தி எங்கே போவாள்?

போய்ப் பார்த்தால் எல்லாப் பலகைகளும் ஒன்றுபோல உறுதியாகத் தெரிந்தன. ராஜா உதட்டைப் பிதுக்கினார். அப்போது ஆதிமூலத்தின் பல்லக்கிலிருந்து அவருடைய செல்லப் பேரன் எட்டிப் பார்த்தான்.

"எந்தப் படின்னு நான் சொல்ல மாட்டேன் மகாராசா" என்றாள் செவந்தி. " ஐயா பேரனைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை மேலே ஏறட்டும். அது போதும்."

"இவ்வளவுதானா?" என்று ஆதிமூலம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. செவந்தி அவர் காலையே பார்த்தாள். வீம்புக்கு மிதித்துவிட்டால்? இன்றைக்கென்று பலகை ஆடாமல் இருந்துவிட்டால்? ஐந்து, ஆறு. ஆதிமூலம் பேரனை இறுக்கிக்கொண்டார். கால் தானாக உயர்ந்து எட்டாவது படிக்குப் போனது.

"நில்லும்! ஏழாவதை ஏன் தாண்டினீர்?"

"எனக்குக் கால் கொஞ்சம் நீளம், பிரபு."

"இறங்கி வந்து அதை மிதித்து ஏறும்."

ஆதிமூலத்தின் முகம் வெளிறியது. "இடுப்பில் பிள்ளை இருக்கிறானே, பிரபு!"

"என் வீட்டிலேயும் பிள்ளைதான் ஐயா இருந்தது" என்றாள் செவந்தி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ராஜா ஆதிமூலத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆக, காதில் விழுந்துதான் இருக்கிறது. வைத்தியம் உம் பொறுப்பு. அந்தக் குழந்தை நடக்கும்வரை நீரே அவளை முதுகில் சுமந்து ஏற்றி இறக்கும். இவர்களை வீட்டைவிட்டு எழுப்பினால் உமக்கு இந்தச் சீமையிலேயே இடமில்லை."

மறுநாள் காலை மங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆதிமூலம் இறங்கினார். கீழே செவந்தி மூச்சை அடக்கி நின்றாள். பாதி வழியில் அவர் காதருகே குழந்தை பயந்த குரலில் சொன்னது:

"தாத்தா, அடுத்தது ஏழாவது. தாண்டிடுங்க."

கீழே கால் வைத்ததும் அவர் முதல் வேலையாகத் தச்சனுக்கு ஆள் அனுப்பினார்.