செக்கு மாட்டுக்கு வந்த வழக்கு

மாட்டு வழக்கைக்கூட ராஜாவே உட்கார்ந்து விசாரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆண்டியப்பன் என்று ஒருவன் எண்ணெய்ச் செக்கு ஆட்டிப் பிழைத்துவந்தான். அவனிடம் ஒரு செக்கு, ஒரு மாடு, ஊர்ப்பட்ட கர்வம், இந்த மூன்றும் இருந்தன.

கர்வம் மாட்டால் வந்தது. மயிலை என்கிற அந்த மாட்டை வாங்க அவன் ஏழு சந்தை அலைந்தான். பல்லைப் பிடித்துப் பார்த்தான், சுழி பார்த்தான், நடக்கவிட்டும் பார்த்தான். "என்னை எவனும் ஏமாற்ற முடியாது" என்று ஆறு வருடமாகப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் எள் வாங்க மயிலையை ஓட்டிக்கொண்டு தலைநகரத்துச் சந்தைக்குப் போனான். அங்கே கோளப்பன் என்கிற வண்டிக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இது என் வண்டி மாடு! பத்து நாளைக்கு முன்னால் திருடு போனது. பாருங்கள், என் கையை எப்படி நக்குகிறது!"

மயிலை நிஜமாகவே நக்கியது. காவலர்கள் அதை அரண்மனைத் தொழுவத்தில் கட்டினார்கள். நான்காம் நாள் விசாரணை. ஆண்டியப்பனின் ஊரோ நாலு நாள் நடை. சாட்சிக்கு ஆள் கூட்டிவர வழியில்லை. தோற்றால் மாடு போகும், திருட்டுப் பட்டமும் சேரும். அப்புறம் செக்கை அவன்தான் இழுக்க வேண்டும்.

சபையில் தனக்காகப் பேச, இன்று வக்கீல் என்கிறோமே, அப்படி ஓர் ஆளைத் தேடிப் புறப்பட்டான்.

முதல் நாள் மீசையைப் பார்த்தான். பேரிகையார் என்பவரின் மீசை காதைத் தொட்டது. குரல் அடுத்த தெருவரை கேட்டது. "கவலையை விடும்! உம் குதிரையை மீட்டுத் தருகிறேன்!" என்று முழங்கினார். மாடு என்று திருத்த ஆண்டியப்பனுக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நல்ல குரல். தெருவுக்கு வந்த பிறகுதான், குதிரைக்கு வாதாடுகிறவர் மாட்டை எப்படி மீட்பார் என்று யோசித்தான்.

இரண்டாம் நாள் வாசலைப் பார்த்தான். மந்திரியின் மைத்துனர் வீட்டு வாசலில் ஐந்து பல்லக்குகள் நின்றன. பொழுது சாயும்வரை காத்துக் கிடந்தவனிடம் அவர், "நான் வந்து நின்றாலே போதும். உம் கதையெல்லாம் எதற்கு?" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சிரிக்காதீர்கள். இந்தக் கதையைச் சொல்கிற நானும் பல்வலிக்கு வைத்தியரைத் தேடியபோது வாசல் கூட்டத்தைப் பார்த்துத்தான் ஒரு வீட்டில் நுழைந்தேன். அது கல்யாண வீடு.

அன்று மாலை ஆண்டியப்பன் தொழுவத்தில் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். பழக்கத்தில் கை அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தது. அப்போதுதான் அவனுக்குச் சுரீர் என்றது.

"உன்னை வாங்க ஏழு சந்தை பார்த்தேன். எனக்காகப் பேசப் போகிறவரிடம் மீசையையும் பல்லக்கையும்தானே பார்த்தேன்? நம் இரண்டு பேரில் யார் மாடு, மயிலை?"

மயிலை பதில் சொல்லவில்லை. அது மரியாதை தெரிந்த மாடு.

மூன்றாம் நாள் திருமேனி என்ற வழக்காடி வீட்டுக்குப் போனான். வாசலில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லாததால் முன்பு இரண்டு முறை அவன் தாண்டிப் போன வீடு அது. மெலிந்த மனிதர், தும்மிக்கொண்டே கேட்டார்: "உமக்கு எதிராக என்ன இருக்கிறது? அதை முதலில் சொல்லும்."

மாடு கை நக்கியதை ஆண்டியப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வெல்லம் தடவியிருப்பான். சரி, மாட்டுக்கு என்ன வேலை?"

"கண்ணைக் கட்டி நுகத்தை வைத்தால் செக்கைச் சுற்றும், ஐயா. ஜெயித்துவிடுவோமா?"

"பார்க்காத மாட்டுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வாரும், தொழுவத்துக்குப் போவோம்."

மறுநாள் சபையில் திருமேனி தும்மலுக்கு நடுவே கோளப்பனிடம் கேட்டது மூன்றே கேள்வி.

"உன் வண்டியில் எத்தனை வருடம் ஓடியது?"

"ஆறு வருடம்."

"செக்கு இழுத்ததுண்டா?"

"செக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை."

"கண்ணைக் கட்டினால்?"

"மிரளும். எந்த வண்டி மாடும் மிரளும்."

திருமேனி கேட்டுக்கொண்டபடி காவலர்கள் மயிலையின் கண்ணைக் கட்டி, கழுத்தில் நுகத்தை வைத்தார்கள். அது மிரளவில்லை. சபை நடுவில் இருந்த தூணை நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. நழுவப் பார்த்த கோளப்பனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"மாடு உன்னுடையதே. சாமர்த்தியமான மாடு!" என்று ராஜா சிரித்தார்.

ஆண்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆமாம் மகாராஜா. அது கண்ணைக் கட்டினால்தான் சுற்றும். நான் கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு நாள் ஊரைச் சுற்றினேன்."

ஆகையால் கேளுங்கள்: வழக்கென்று வந்துவிட்டால், நமக்காகப் பேசப் போகிறவர் நாம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறவரா என்று முதலில் பார்க்க வேண்டும்.