நூற்றுக்கு நூறு

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரிகள் சங்கத்துக்கு ஆன்டிவைரஸ் விற்க வந்தார் தனகோபால். மென்பொருள் அவருடையது. அதைச் சோதிக்க வைரஸ் நிரப்பிய பென் டிரைவும் அவருடையதே. அதிலிருந்த நூறு வைரஸையும் மென்பொருள் ஒன்று விடாமல் பிடித்தது. சபை கைதட்டியது.

சோதனை நியாயமாக நடந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவள் தற்காலிக ஆபரேட்டர் பூங்கோதை. அவள் பேனாவைத் தொடவில்லை.

"குறை இருந்தா இப்பவே காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் சங்கத் தலைவர்.

"வர்றவங்களையெல்லாம் திருடன்னு சொல்ற வாட்ச்மேன்கூட ஒரு திருடனையும் விடமாட்டானுங்க. நல்ல ஃபைல் ஒண்ணையும் சேர்த்துப் பார்க்கலாமுங்களா? அதையும் சாரே குடுக்கட்டும்."

தனகோபால் சிரித்துக்கொண்டே, சற்று நேரத்தில் மேடையில் வாசிக்கவிருந்த தன் உரையை, வேறு பிரதி வைக்காமல், அப்படியே பென் டிரைவுக்கு மாற்றினார். "நானே டைப் அடிச்சது. சொக்கத் தங்கம்."

மறுபடி ஓட்டினார்கள். திரையில் வந்தது: நூற்றொரு வைரஸ்கள் பிடிபட்டன. அனைத்தும் அழிக்கப்பட்டன.

தனகோபால் திரையை நோக்கிப் பாய்ந்தார். "அது வைரஸ் இல்லம்மா, என் பேச்சு."

பூங்கோதை இப்போதுதான் பேனாவைத் திறந்தாள். "மென்பொருள் சொல்றது நெசம்னா, நீங்க பேசவந்தது வைரஸுங்க. நீங்க சொல்றது நெசம்னா, மென்பொருள் பொய்யுங்க. எதுக்குக் கையெழுத்துப் போடட்டும்?"

தலைவர் ஆர்டர் தாளை இரண்டாகக் கிழித்தார். பிறகு, முறை தவறக்கூடாதே என்று, தனகோபாலைப் பேச அழைத்தார். மேடையேறி நின்றவரிடம் பேச ஒரு வரி இல்லை.