ஏரி நாறிய கோடை

அந்தக் கோடையில் ஏரி பச்சைச் சாயம் கரைத்தது போல ஆகிவிட்டது. பாசி தடித்துக் கரையில் ஒதுங்கி, ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோன வாடை அடித்தது. ஆடுமாடு குடித்துவிடக் கூடாதென்று முள் வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். கரையோர மடத்துக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள்.

மிஞ்சியது இருவர்தான். குரு வடிவம்மைக்கு நாற்பது வயது. சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. மாவு மில்லை விற்றுவிட்டு வந்தவர். கோபத்தை வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. தன் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த மகள் இப்போது, கைக்குழந்தையோடு பார்க்க வரட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தாள். "கொஞ்ச நாள் போகட்டும்" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டு, சோறு இறங்காமல் தவித்தார் மனுஷன்.

சாயங்காலம் குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, கண்ணை மூடினா அழுகலா மேலே வருது. அவளைத் திட்டின திட்டெல்லாம் வருது. மனசு எப்போ சுத்தமாகும்? ஆனதும் அவளை வரச் சொல்லலாம்னு இருக்கேன்."

வடிவம்மை ஏரிப்பக்கம் பார்த்தார். கரை நெடுகச் சட்டிகளில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

"இது யார் வேலை?"

"நான்தாம்மா. நாத்தம் தாங்கலை. பத்து நாளா போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அணைச்சிடுங்க."

"குடலைப் புரட்டுமே!"

"புரட்டட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார்.

விடிந்ததும் வெளியே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். புகைக்குப் பயந்து அண்டாமல் இருந்த பூச்சியெல்லாம் பாசிக்கு மேலே மொய்த்துக் கிடந்தன. அவற்றைப் பிடிக்கக் குருவிகள் தண்ணீரை உரசி உரசிப் பறந்தன. மீன் துள்ளியது. முள்ளுக்கு அந்தப் பக்கம், நாரைகள் தங்கள் வீட்டுக் கல்யாணம் போல நின்றன.

"இத்தனையும் எங்கேயிருந்தும்மா வந்துச்சு?"

"வாடை பிடிச்சு வந்திருக்கு."

"இந்த நாத்தத்துக்கா?"

"உங்களுக்குத்தான் அது நாத்தம்."

பொன்னுரங்கம் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அழுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"மகளுக்கு என்னன்னும்மா சொல்லி அனுப்புறது?"

வடிவம்மை சாம்பிராணிச் சட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார்.

"ஏரி இன்னும் நாறுதுன்னு சொல்லுங்க. வரச் சொல்லுங்க."